குடோனின் விலாசம்

ஜூலை 6, ஞாயிறு

அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போயிருக்கிறான். அதனால் அவன் மனைவி, என் மைனி, இன்று கருவாடு பொரித்தாள். அவனுக்கு அந்த வாசனை ஆகாது. நாங்கள் இருவரும் பழைய சோற்றோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டோம்.

தினமும் கொஞ்சம் தட்டச்சு செய்தால்தான் விரல் பழகும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். பார்வையில்லாதவர்களுக்காகவே இணையவழியில் நடத்தும் ஆறு மாத வகுப்பு. வலைப்பக்கம் கட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். பாதி முடித்திருக்கிறேன். ஜவுளிக்கடையின் போன் மேஜையில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தாயிற்று. புதிதாக ஒன்றைப் படிப்பது நன்றாகத்தான் இருக்கிறது. என்ன எழுதுவது என்று தெரியாததால் அன்றன்று நடந்ததை எழுதிவைக்கிறேன்.

மாலையில் என்னைப் போலவே பார்வையில்லாத தோழி தவ்லத் போனில் பேசினாள். குரல் சரியில்லை. ஒலிநூலகத்தின் தளத்தை மாற்றிவிட்டார்களாம். "ஒரு பாடத்தையும் எடுக்க முடியலட்டி" என்றாள். நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

ஜூலை 13, ஞாயிறு

மேலப்பாளையம் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். தவ்லத்தின் உம்மா மதியம் ஆட்டுக்கால் குழம்பு வைத்திருந்தார்கள். கையில் இன்னும் மணக்கிறது.

விஷயம் இதுதான். செவிவழி ஒலிநூலகம் என்று ஓர் அறக்கட்டளை இருக்கிறது. போட்டித் தேர்வுப் பாடங்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்து கொடுப்பார்கள். தவ்லத் செப்டம்பர் கடைசியில் அரசுத் தேர்வு எழுதுகிறாள். ஏற்கெனவே இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் நூலிழையில் தவறியவள். அடுத்த வருஷம் பாடத்திட்டமே மாறுகிறது. புதிய பாடங்களை யாராவது வாசித்து முடிக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ! ஆகவே இந்த ஒலிப்பதிவுகள் இருக்கும்போதே, இந்தத் தடவையே அவள் தேறியாக வேண்டும்.

தளம் முன்பு வெறும் பட்டியலாக இருந்தது. எங்கள் கணினியில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்று உண்டு. மைனி அதை 'அந்தப் பொம்பள' என்பாள். அந்தப் பொம்பள பாடங்களின் பெயரை வரிசையாக வாசிப்பாள், நாங்கள் வேண்டியதை எடுத்துக்கொள்வோம். இப்போது தளத்தைத் திறந்தால், "பட்டன், பட்டன், படம், பட்டன், படம், பட்டன்" என்கிறாள். எந்தப் பட்டன் எதற்கு என்று ஒன்றுக்கும் பெயரில்லை. அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. அல்லது நடந்தது எங்களுக்குத் தெரிவதில்லை.

அறக்கட்டளைக்குப் போன் செய்தேன். ஹேமலதா மேடம்தான் எடுத்தார். அவர்தான் அங்கே எல்லாம். நல்ல மனுஷி.

"பாத்தவங்க எல்லாம் ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றாங்கம்மா."

"நாங்க பாக்கலயே மேடம்."

அவர் சிரித்துவிட்டார். உடனே சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். தளத்தைக் கட்டிக்கொடுத்தவரும் தன்னார்வலர்தானாம், வேறு வேலையில் இருப்பவராம். அக்டோபரில்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றிருக்கிறாராம்.

"அக்டோபர்ல எனக்கு எதுக்கு?" என்றாள் தவ்லத். அவள் கோபப்பட்டால் சத்தம் குறையும். இன்று மிகவும் குறைவாக இருந்தது.

பிறகுதான் எனக்கு வகுப்பில் சொன்னது நினைவு வந்தது. எந்தப் பக்கத்துக்கும் பின்னால் அதன் சோர்ஸ், அதாவது மூலநிரல், இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அவள் வீட்டுக் கணினியிலேயே திறந்தேன். பாடங்களின் பெயர்கள் அதில் இருக்கும், பார்த்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு பெயர்கூட இல்லை.

"ஒண்ணுமே இல்லாமலா எல்லாரும் அழகா இருக்குன்னு சொல்லுதாவ?" என்றாள் தவ்லத்.

எங்கள் கடையைச் சொல்லித்தான் அவளுக்கு விளக்கினேன். மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது கொஞ்சம்தான். ஆள் வந்து கேட்டால் குடோனுக்குச் சொல்லி அனுப்பி வரவழைப்போம். இந்தப் பக்கமும் அப்படித்தான், திறந்த பிறகு எங்கிருந்தோ பாடங்களைக் கேட்டு வாங்கி அடுக்குகிறது. அந்த இடத்தைத்தான் ஏபிஐ முகவரி என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். பக்கத்துக்குக் குடோன் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அப்படியென்றால் விலாசம் சோர்ஸுக்குள் எங்கேயோ எழுதியிருக்க வேண்டும்.

"அப்பொ தேடு" என்றாள்.

ஜூலை 16, புதன்

கடையில் ஆடிக் கழிவு நாளை ஆரம்பம். இன்றைக்கே போன் ஓயவில்லை.

சோர்ஸில் வேறொரு கோப்பின் பெயர் இருந்தது. அதைத் திறந்தேன். அதில்தான் நிரல் முழுவதும் இருக்கிறது. ஆனால் இடைவெளி இல்லை, வரி மாற்றம் இல்லை. எல்லாவற்றையும் நெருக்கித் திணித்து ஒரே வரியாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பொம்பள மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டே போனாள். அடுப்படியிலிருந்து மைனி, "அவளுக்கு யாராவது தண்ணி குடுங்கட்டி" என்றாள்.

விலாசம் என்றால் 'ஹெச்டிடிபி' என்றுதானே தொடங்கும். அதைப் போட்டுத் தேடினேன். நிறைய வந்தன. பாதி, படம் வரைவதற்கான ஏதோ விதிமுறை. மீதியில் பெரும்பாலும் எழுத்துரு விற்கும் கம்பெனிகள். தவ்லத்துக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். எதுவும் தேறவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

காலையிலேயே தவ்லத் ஆட்டோவில் வந்துவிட்டாள். நான் புதிய யோசனை ஒன்றோடு இருந்தேன். கொண்டுவா என்று நிரலில் சொல்வதற்கு 'ஃபெட்ச்' என்று ஒரு சொல் உண்டு. அதைத் தேடினேன். வந்தது. அதன் பக்கத்தில் முழு விலாசம் இல்லை. 'க்யூ' என்று ஓர் எழுத்து, அதோடு ஒரு சாய்கோடு, 'நூல்கள்' என்று ஆங்கில எழுத்தில். அதாவது விலாசத்தின் பின்பாதி இங்கே. முன்பாதி க்யூவிடம். க்யூ என்பது யார்? கோப்பு முழுக்க க்யூதான். தலை சுற்றியது.

தவ்லத் பாயில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, புதன்கெழம நீ வாசிச்சதுல ஒண்ணு 'தரவு'ன்னு ஆரம்பிச்சுதுல்லா?"

"ஆமா. அது நூலகத்தோட சொந்த விலாசம்னு விட்டுட்டேன்."

"தரவுன்னு தமிழ்ல எவன் பேர் வைப்பான்? எழுத்துரு விக்கிறவனா வைப்பான்? அதுதான் முன்பாதி. சேத்துப் போடு."

ஒரு தடவை கேட்டால் அவளுக்கு மறக்காது. விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்த ஏழாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான்.

சேர்த்துப் போட்டேன். 'கிடைக்கவில்லை' என்று வந்தது. மறுபடி நிரலில் அந்த இடத்துக்குப் போய் மெதுவாக எழுத்தெழுத்தாகக் கேட்டேன். பின்பாதிக்குப் பின்னாலும் ஒரு வால் இருந்தது. ஒரு கேள்விக்குறி, எந்தப் பக்கம் வேண்டும் என்று ஓர் எண். அதையும் போட்டு என்டர் தட்டினேன்.

அந்தப் பொம்பள வாசிக்க ஆரம்பித்தாள். தலைப்பு: இந்தியப் பொருளாதாரம், முதல் பாடம். வாசித்தவர். கால அளவு. ஒலிக்கோப்பு. தலைப்பு: இந்தியப் பொருளாதாரம், இரண்டாம் பாடம்.

தவ்லத் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். படம் இல்லை, பட்டன் இல்லை, விளம்பரம் இல்லை, குறுக்கே வந்து விழும் எதுவும் இல்லை. சொற்கள் மட்டும். வகுப்பில் இதைக் காட்டும்போது, இது பார்க்கச் சகிக்காது, அதனால்தான் மேலே அலங்காரம் செய்கிறோம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். எனக்கு இதைவிடச் சுத்தமான பக்கத்தை யாரும் இதுவரை கொடுத்ததில்லை.

"இதத்தான் இவ்வளவு நாளா ஒளிச்சு வச்சிருந்தானா?" என்றாள் தவ்லத்.

"ஒளிக்கல. மேல போத்தி வச்சிருக்கான்."

அதே கோப்பில் இன்னொரு விலாசமும் காதில் பட்டது. அதில் 'நிர்வாகம்' என்று இருந்தது. அதைத் தொடவில்லை. குடோன் வரைக்கும் போகலாம். கல்லாப்பெட்டி அறைக்கு எனக்கு என்ன வேலை?

மைனி எல்லோருக்கும் சேமியா பாயசம் வைத்தாள். என்ன கிடைத்தது என்று அவளுக்குப் புரியவில்லை. பரவாயில்லை, பாயசத்துக்குக் காரணம் வேண்டுமா என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

வகுப்பில் படித்ததை வைத்து ஒரு பக்கம் செய்தேன். அது குடோனிலிருந்து பட்டியலை வாங்கி, பாடத் தலைப்பு, வாசித்தவர், தரவிறக்கம் என்று எளிமையாக அடுக்கும். நானே முதலிலிருந்து கடைசிவரை கட்டிய முதல் பக்கம். தவ்லத் கேட்டுப் பார்த்துவிட்டு, "வழவழன்னு போவுது" என்றாள்.

அவளுடைய தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கும் அனுப்பிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆடி கடைசி ஞாயிறு. கடைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். போனில் ஒரே வண்ண விசாரணை. எட்டு வயதுவரை பார்வை இருந்ததால் மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை எல்லாம் எனக்குத் தெரியும். 'பீச்' என்று கேட்பவர்களை மட்டும் பக்கத்து மேஜைக்கு மாற்றிவிடுவேன்.

குழுவில் இப்போது எல்லோரும் என் பக்கத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். தேனியிலிருந்து ஒருவர், "அக்கா, உங்க புண்ணியத்துல புவியியல் முடிச்சுட்டேன்" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார். அதை மூன்று முறை கேட்டேன். மைனிக்கும் போட்டுக் காட்டினேன்.

சாயங்காலம் தவ்லத்தோடு சாந்தி பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். ஒரு பொட்டலம் சுண்டலை இரண்டாகப் பங்கிட்டுத் தின்றோம். அவள் பேச்சு முழுக்கத் தேர்வுதான். இந்தத் தடவை பொருளாதாரம் கைக்கு வந்துவிட்டதாம். அந்தப் பாடத்தை வாசித்தவரை நாங்கள் இருமல் சார் என்போம். அத்தியாயத்துக்கு ஓர் இருமல் உண்டு.

"தேறிட்டா எந்த ஊரு போடுவாவன்னு சொல்ல முடியாது. சென்னகூட விழலாம்" என்றாள்.

சென்னையில் தண்ணீர் உப்பு என்று சொன்னேன். அவளுக்குத் தெரியுமாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பக்கத்தில் தேடும் வசதி சேர்த்தேன். ஓர் எழுத்து தட்டினாலே போதும், பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். செய்து முடித்ததும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டவில்லை. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 4, வியாழன்

தளம் விழுந்துவிட்டது. என் பக்கமும் வேலை செய்யவில்லை, அவர்கள் பக்கமும் வேலை செய்யவில்லை. அறக்கட்டளையிலிருந்து எல்லோருக்கும் செய்தி வந்திருக்கிறது. வெளியாட்கள் தளத்தைத் தாக்கியிருப்பதாகத் தெரிகிறதாம். பாதுகாப்புக் கருதி, மறு அறிவிப்பு வரும்வரை மூடிவைக்கிறார்களாம்.

தாக்குதல் என்றதும் பயந்துபோய் என் நிரலை உட்கார்ந்து கேட்டேன். கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. தேடும் பெட்டியில் ஓர் எழுத்து தட்டும்போதெல்லாம் என் பக்கம் குடோனுக்கு ஓடிப்போய் முழுப் பட்டியலையும் மறுபடி கேட்கிறது. 'பொருளாதாரம்' என்று ஒருவர் தட்டி முடிப்பதற்குள் அத்தனை முறை. நேற்று மாதிரித் தேர்வுக்கு முந்தின நாள். குழுவில் எல்லோரும் தட்டியிருப்பார்கள்.

தவ்லத்துக்கு வரலாறு கடைசிப் பகுதியும் ஆட்சியியலும் இன்னும் இறக்கவில்லை. சாயங்காலம் மூன்று தடவை கூப்பிட்டாள். ஆடிக் கழிவுக் கூட்டம், பேச நேரமில்லை என்று வைத்துவிட்டேன்.

ஆடி முடிந்து மூன்று வாரம் ஆகப்போகிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

நல்ல தூக்கம். ஏன் என்று தெரியவில்லை. மைனிகூடச் சொன்னாள், "என்ன, இன்னைக்கு மொகம் தெளிவா இருக்கு?" என்று.

மீலாது நபி. தவ்லத்தின் உம்மா தூக்குவாளியில் நெய்ச்சோறு கொடுத்துவிட்டிருந்தார்கள். மைனியும் அண்ணனும் சாப்பிட்டார்கள். நான் தொடவில்லை.

செப்டம்பர் 6, சனி

கடை. வீடு. கொடியில் இருந்த துணியை மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன் என்று மைனி சொல்கிறாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தவ்லத் சொல்லாமல் வந்துவிட்டாள். கைத்தடி படிக்கட்டில் தட்டும்போதே அவள்தான் என்று தெரிந்தது. அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மைனி டீ கொடுத்துவிட்டுப் போனாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று நினைத்துப் பார்த்துவைத்தது எல்லாம் மறந்துவிட்டது. "தளம் விழுந்தது என்னாலதான்" என்றேன். தேடும் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"வேணும்னா செஞ்ச?"

"இல்ல."

"வியாழக்கெழமயே தெரியுமா?"

"தெரியும்."

"ஆடிக் கழிவுன்னு சொன்னியே, நேத்து எங்க உம்மா ஒங்க கடைக்கு வந்திருந்தா. கட காத்து வாங்குதுன்னு சொன்னா." சத்தம் மிகவும் குறைந்துவிட்டது. "நான் பாஸாயிரக் கூடாதுன்னு நெனச்சியாட்டி?"

"பாஸாவணும்னுதான அந்தப் பக்கமே செஞ்சேன்!"

"நான் கேட்டது அது இல்ல."

அந்த நேரம் பார்த்து மைனி வடைத் தட்டோடு உள்ளே வந்தாள். மைனிக்கு எப்போதும் நேரம் தெரியும். எங்கள் இருவர் கையிலும் வடையை வைத்துவிட்டு, "சூடா இருக்கும்போதே தின்னுங்க, பெறவு சண்ட போடலாம்" என்று போய்விட்டாள்.

தவ்லத் இரண்டு வடை தின்றாள். நான் ஒன்றைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

"நான் போயிட்டா நீ ஆருகூட சுண்டல் திம்பன்னு நானும் நெனச்சுப் பாத்தேன்" என்றாள். "அதுக்காவ நான் ஃபெயிலாவ முடியாதுல்லா?"

ஆறிப்போயிருந்த டீயைக் குடித்து முடித்தேன்.

அப்புறம் அவளே, "கட்டினவன் சோர்ஸ்ல எங்கயாவது பேர் வச்சிருப்பான். தேடு. இன்னைக்கே பேசணும்" என்றாள்.

தளம் மூடியிருந்தாலும் அதன் கோப்புகளை ஜூலையிலேயே சேமித்து வைத்திருந்தேன். நிரல் கோப்பில் இல்லை. பக்கத்தின் நிறம், அளவு எல்லாம் சொல்லும் கோப்பு ஒன்று தனியாக இருக்கும். அதன் தலையில் ஒரே ஒரு குறிப்பு இருந்தது: பிழை இருந்தால் எழுதவும், வைரவன். கூடவே அவருடைய மின்னஞ்சல். நான் எழுதினேன். தவ்லத் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் கேட்டாள். "தெரியாமல் நடந்துவிட்டது" என்று நான் எழுதியதை அழிக்கச் சொன்னாள். "தெரியாமதான் நடந்துது. ஆனா மூணு நாளு தெரிஞ்சுதான் சும்மா இருந்த. அதையும் எழுது."

எழுதினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

வைரவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார். காரைக்குடிக்காரர். ஏதோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாராம். நான் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன்.

"நீங்கதானா அது? எவனோ வெளிநாட்டுக்காரன் உள்ள பூந்துட்டான்னு நெனச்சு நான் கணினி முன்னாடியே காவல் கெடக்கேங்க!"

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். விலாசத்தை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார். சொன்னேன். தரவு என்ற பேரை வைத்துத் தவ்லத் கண்டுபிடித்தாள் என்றதும் சிரித்தார். பிறகு, பக்கத்திலேயே பட்டியல் இருக்கும்போது எதற்கு இவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்றார்.

பையில் மடிக்கணினி இருந்தது. சேமித்து வைத்த முகப்புப் பக்கமும் அதில் இருந்தது. போனைப் பக்கத்தில் வைத்து அந்தப் பொம்பளையைப் பேசவிட்டேன். பட்டன், பட்டன், படம், பட்டன்.

இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"இது நான் செஞ்சதா?"

"ஆமா."

"பட்டனுக்குப் பேரு வைக்கணும்னே எனக்குத் தோணலைங்க. படம் போட்டா புரிஞ்சுரும்னு இருந்துட்டேன். யாருக்காகச் செய்யறோம்னு தெரிஞ்சும் தோணல பாருங்க."

"எனக்கும்தான் தோணல" என்றேன். "எழுத்துக்கு எழுத்து குடோனுக்கு ஓடுனா அது என்னத்துக்கு ஆகும்னு."

அதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்லிக்கொடுத்தார். விரல் ஓயும்வரை பொறுக்க வேண்டும். ஒரு முறை வாங்கிய பட்டியலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும், மறுபடி கேட்கக் கூடாது. இவ்வளவுதான். நான் அவருக்குப் பட்டனுக்கு எங்கே, எப்படிப் பெயர் எழுதினால் எங்களுக்குக் கேட்கும் என்று சொன்னேன். மேற்பார்வையாளர் இரண்டு தடவை வந்து போனார். போன் மேஜைக்காரி போனில் பேசுவதை யார் கேட்க முடியும்?

செப்டம்பர் 10, புதன்

ஹேமலதா மேடத்திடம் பேசினேன். "எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமேம்மா" என்றார். கேட்டிருக்க வேண்டும்தான். மன்னிப்புக் கேட்டேன். அப்புறம், "அக்டோபர்னு நானும் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

செப்டம்பர் 11, வியாழன்

தளம் திறந்தாயிற்று. எங்கள் எளிய பக்கம் இனி என் கணக்கில் இல்லை, நூலகத்தின் சொந்த விலாசத்திலேயே இருக்கிறது. வைரவன் தேடும் பெட்டியைத் திருத்தியிருக்கிறார். அலங்காரப் பக்கத்தின் பட்டன்களுக்கும் பெயர் வந்துவிட்டது. ஒரு பட்டனுக்கு மட்டும் 'இங்கே அழுத்தவும்' என்று வைத்திருந்தார். எங்கே என்று கேட்டு எழுதினேன். உடனே மாற்றிவிட்டார்.

தவ்லத் வரலாற்றையும் ஆட்சியியலையும் இறக்கிவிட்டாள். ஒரே வார்த்தையில் செய்தி அனுப்பினாள்: "வந்திட்டு."

இன்று தூக்கம் வரவில்லை. அதுவும் ஏன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

தவ்லத் வீட்டில் நாள் முழுக்கக் கேள்வி கேட்டேன், அவள் பதில் சொன்னாள். ஒரு கட்டத்தில் அவளுடைய வாப்பாவும் சேர்ந்துகொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் தப்பு. "வாப்பா, நீங்க சும்மா இரிங்க, எனக்கு அதுதான் மனசுல நிக்கும்" என்று கத்தினாள். இந்த மாதத்தில் அவள் சத்தமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

தேர்வு. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். உம்மா ஓதிக்கொண்டே இருந்தார்கள். தவ்லத் சொல்லச் சொல்ல எழுத ஒரு கல்லூரிப் பெண்ணைக் கொடுத்திருந்தார்களாம், எழுத்து வேகமாம். வெளியே வந்ததும் முதலில் தண்ணீர் கேட்டாள்.

"இருமல் சார் பாடத்துல இருந்து நெறைய கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லும்போது எனக்கும் இருமல் வந்திட்டு."

எப்படி எழுதியிருக்கிறாய் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. கடையில் இன்று நின்றுகொண்டே போன் எடுத்தேன். நாற்காலியை யாரோ வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வகுப்பு முடிந்துவிட்டது. சான்றிதழ் வந்தது. வைரவன் ஒரு யோசனை சொல்கிறார். அவருக்குத் தெரிந்த சில இடங்களில் தளங்களை எங்களைப் போன்றவர்கள் கேட்டுப் பார்த்துக் குறை சொல்ல ஆள் தேடுகிறார்களாம். மாலை நேரத்தில் செய்தால் போதும், சம்பளம் உண்டு. யோசிக்கிறேன் என்றேன். போனை வைத்த உடனே சரி என்று செய்தி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இந்த வாரம் ஒரு மருந்துக்கடைத் தளம். 'வாங்கு' என்ற பட்டனும் 'நீக்கு' என்ற பட்டனும் கேட்பதற்கு ஒன்றுபோல இருந்தன. எழுதி அனுப்பினேன். மைனி, "குத்தம் கண்டுபிடிக்கச் சம்பளமா? எனக்கும் ஒரு வேல வாங்கிக் குடு, ஒங்க அண்ணன்ல இருந்து ஆரம்பிக்கேன்" என்றாள்.

மழை விடாமல் பெய்கிறது. வீடு முழுக்க ஈரத்துணி வாசனை. எனக்குப் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 17, புதன்

கடையில் வேலை நேரத்தில் கைபேசியை எடுக்க விடமாட்டார்கள். அதனால் தவ்லத் கடை எண்ணுக்கே கூப்பிட்டாள்.

"இசக்கி, நான் பாஸ்."

"அழைத்தமைக்கு நன்றி, வணக்கம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பழக்க தோஷம். கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, நானே திரும்பக் கூப்பிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், பக்கத்தில் உம்மா அழுதுகொண்டே இருந்தார்கள். வாப்பா தெருவில் யாரிடமோ, "அந்த வரலாற்றுக் கேள்வி நான் சொல்லிக்குடுத்ததுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மைனி கேசரி கிண்டினாள். இந்த முறை காரணம் இருந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

ஊர் போட்டுவிட்டார்கள். விழுப்புரம். பொங்கல் கழித்து, பத்தொன்பதாம் தேதி வேலையில் சேர வேண்டும். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே பெண்கள் விடுதி இருக்கிறதாம். முதல் ஒரு வாரம் வாப்பா கூட இருந்துவிட்டு வருவார்.

தாமிரபரணிப் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் நிறைய போகிறது, சத்தத்திலேயே தெரிந்தது.

"நீயும் வாயேன்" என்றாள் தவ்லத். "அங்கயும் ஜவுளிக்கட இருக்கும்லா."

"எனக்கு இங்கன வேல இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. காலையில் கடை, சாயங்காலம் தளங்கள், ஞாயிற்றுக்கிழமை மைனி. நூலகத்துக்குப் புதிய பாடத்திட்டத்தை வாசிக்க ஆள் சேர்க்கிறோம். இருமல் சார் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"அப்பொ சரி" என்றாள். அவள் குரல் சத்தமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை.

ஜனவரி 17, சனி

தவ்லத்தின் வண்டி நாளை விடியற்காலையில். நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வாரத்தில் ஒரு நாள்தான் நன்றாகத் தூங்க முடிகிறது. அவளும் வரவேண்டாம் என்றுதான் சொன்னாள்.

ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவதாக மைனி சொல்கிறாள். ஆட்டோவும் சொல்லிவைத்துவிட்டாளாம். நான் கேட்கவே இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

வண்டி இருபது நிமிஷம் தாமதம். நல்லதாகப் போயிற்று.